சாமியின் பெயரைச் சொன்ன அம்மா

இணுவில் கந்தனை வணங்கி, எங்கள் அம்மாவின் வாழ்வை இந்த நினைவு மலரில் உங்கள் முன் வைக்கிறேன்.

அம்மா இணுவிலில் ஒரு புகையிலைத் தோட்டக் குடும்பத்தின் மூத்த மகளாகப் பிறந்தார். எங்கள் தகப்பனாரான ஐயா கந்தையா அவர்கள் மலாயாவில் புகையிரதப் பகுதியில் வேலை பார்த்தவர். கலியாணம் முடிந்து ஐயா கப்பலேறியபோது நான் அம்மாவின் வயிற்றில் இருந்தேன். பெரும் போரில் பட்டாளத்துடன் ஈராக்கில் உள்ள பசுராவுக்குப் போவதாக எழுதினார். அதன்பின் கடிதம் இல்லை.

போர் முடிந்து சில ஆண்டுகளின் பின் அம்மா அரசாங்கக் கச்சேரியில் விசாரித்தார். ஐயாவின் தம்பியான குஞ்சியப்பு வண்டியில் கூட்டிச் சென்று, மாட்டைப் பிடித்தபடி வெளியே நின்றார். வந்த ஆங்கிலப் பதிலில் பெயர் இருக்கவில்லை. “நீங்கள் கேட்ட யாழ்ப்பாணத்தவர் பசுராவில் காய்ச்சலால் இறந்தார்” என்றே இருந்தது.

தாலியைக் கழற்றும்படி உறவினர் சொன்னார்கள். அம்மா மறுத்தார். பொட்டோடு கலியாண வீட்டுக்குப் போனால் முதுகுக்குப் பின்னால் கதைத்தார்கள். அவர் தோட்டத்தில் நின்று உழைத்து, என்னைத் தாதிப் பயிற்சிக்கு அனுப்பினார்.

சென்ற வருடம் அம்மாவின் இருதயம் பலவீனமானது.

“அவர் இருக்கிறாரோ இல்லையோ எண்டு தெரியாமல் நான் போகக் கூடாது, பிள்ளை,” என்றார்.

மறுபடி விண்ணப்பிக்க விபரங்களை வரிசையாக எழுதினேன்: பெயர், தகப்பனார் பெயர், ஊர், உடல் அடையாளம்.

“இடது தோளிலை ஒரு மறு. உதையும் எழுதப் போறியோ?” என்று அம்மா வெட்கப்பட்டார்.

“முந்திக் கச்சேரியிலை என்ன பேர் குடுத்தனீங்கள்?”

“புருசன்ரை பேரை வாயாலை சொல்லுறதோ? எங்கடை கோயில் சாமியின்ரை பேர் எண்டனான். ‘முருகேசுவோ?’ எண்டு கிளாக்கர் கேட்டார். சாமியைத்தான் கேக்கிறார் எண்டு ‘ஓம், அவர்தான்’ எண்டனான்.”

பக்கத்தில் இருந்த குஞ்சியப்பு தலையில் கை வைத்தார். “ஐயோ மச்சாள், ஒரு ‘ஓம்’ சொல்லி அண்ணையைச் சாகடிச்சுப் போட்டியளே!”

இறந்தவர் வேறொரு முருகேசு. அம்மா சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. இனி வரும் பதிலும் மரணத்தைச் சொன்னால், அதை நானே அவருக்கு வாசிக்க வேண்டும்.

“கிண்டாதை பிள்ளை, கிடக்கிறபடி கிடக்கட்டும்,” என்றார் குஞ்சியப்பு.

“எழுது,” என்றார் அம்மா.

பதில் வந்தபோது அம்மா படுக்கையில் இருந்தார். கந்தையா, இணுவில், இடது தோளில் மறு: எல்லாம் பொருந்தின. போர் முடிந்து பட்டாளத்திலிருந்து விடுவிக்கப்பட்டார். மலாயாவில் வேலையில் இருக்கிறார். மனைவி என்ற இடத்தில் வேறொரு பெயர். இரண்டு ஆண் பிள்ளைகள்.

ஒன்றையும் மறைக்காமல் வாசித்தேன்.

“சுகமாய் இருக்கிறாரோ?”

“ஓம் அம்மா.”

அம்மா மெல்ல எழுந்து உட்கார்ந்தார். பின் தாமே தாலியைக் கழற்றி என் கையில் வைத்தார். “செத்திட்டார் எண்டு ஊரே சொல்லேக்கை கட்டியிருந்தன். இனி வேண்டாம். என்னைக் கொண்டுபோகேக்கையும் பொட்டு வையாதை.”

கணவன் உயிரோடிருக்க வெறும் நெற்றியுடன் அனுப்பலாமா என்று செத்தவீட்டில் உங்களில் பலர் என்னைக் கோபித்தீர்கள். அது அம்மாவின் சொல்.

கோபித்தபடியே பாடைக்குத் தோள் கொடுத்த குஞ்சியப்புவுக்கும், பந்தலிட்ட அயலவருக்கும், முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக் கிரியை வரை உடனிருந்த எல்லோருக்கும் எங்கள் நன்றி. இம்மலரின் பிரதி ஒன்று மலாயாவுக்கும் போகிறது. ஐயாவுக்கு அல்ல, நான் இன்னும் காணாத என் தம்பிமார் இருவருக்கும்.