ஆள் கணக்கில் வராதவன்

2024 நவம்பர் 12, செவ்வாய்க்கிழமை. காலை பத்து மணி இருபது நிமிடம். விடியலிலிருந்து தூறல். மத்திகிரி கால்நடைப் பண்ணை மரங்களின் மேல் மூட்டம் இன்னும் கலையவில்லை. நான் தேங்காய் எண்ணெய் பாட்டிலை வாசற்படியில் வைத்து வெயிலுக்காகக் காத்திருந்தேன். உள்ளே ஒன்பது குழந்தைகளுக்குத் தலை வார வேண்டும். எண்ணெயோ மெழுகு போல உறைந்து கிடந்தது. திருவாரூர்ப் பக்கம் எங்களுக்கு மார்கழியில் நாலைந்து நாள் எண்ணெய் உறையும். இங்கே ஆடி மாதத்திலேயே உறைந்துவிடுகிறது. ஓசூருக்கு வந்து மூன்று ஆண்டுகள் ஆகியும், இந்தப் பாட்டிலைக் கவிழ்த்து உள்ளங்கையில் தட்டும்போதெல்லாம் தூக்கத்தில் வேறு ஊரில் இறங்கிவிட்டவனைப் போல ஒரு கணம் விழிக்கிறேன். அப்படி விழித்துக்கொண்டிருந்தபோதுதான் வெள்ளை ஜீப் ஒன்று வந்து நின்றது.

ஊரில் இருந்து இதைப் படிப்பவர்களுக்குக் கொஞ்சம் விளக்க வேண்டும். நம் பக்கத்தில் நடவுக்குப் போகும் பெண், தன் பிள்ளையை யாரிடமாவது விட்டுவிட்டுப் போவாள். அதற்கு ஒரு பெயர் கிடையாது. இங்கே அதற்குப் பெயர் உண்டு, மாதக் கட்டணம் உண்டு, சோதிக்க அதிகாரியும் உண்டு. என் மகனுக்குத் தொழிற்பேட்டையில் ஷிப்டு வேலை. மருமகள் மேகலா ஆசிரியப் பயிற்சி முடித்தவள். வாடகைக்கு எடுத்த கீழ்வீட்டில் பக்கத்து வீட்டுக் குழந்தை ஒன்றைப் பார்த்துக்கொள்ளத் தொடங்கினாள். அது ஒன்பதாகிவிட்டது. கம்பெனிப் பேருந்து காலை ஐந்தே முக்காலுக்குத் தெருமுனையில் திரும்பும். அதற்குள் தாய்மார்கள் பாதித் தூக்கத்தில் இருக்கும் பிள்ளைகளை எங்கள் கூடத்தில் கிடத்திவிட்டு ஓடுவார்கள். தமிழ் பேசும் வீட்டுப் பிள்ளைகள் மூன்று, தெலுங்கு இரண்டு, கன்னடம் இரண்டு, இந்தி ஒன்று. கடைசியாக வந்தவள் மினி, பதினொரு மாதக் குழந்தை. அவள் அம்மா மமதா ஒடிசாவிலிருந்து வந்து கைப்பேசி உதிரிபாகம் செய்யும் கம்பெனியில் வேலை பார்க்கிறாள்.

நான் அரசு நெல் கிடங்கில் இருபத்தெட்டு ஆண்டு எழுத்தராக இருந்தவன். எண்ணாமல் என்னால் உட்கார முடியாது. எங்கள் பக்கம் நெல் அளக்கும்போது முதல் மரக்காலை ஒன்று என்று சொல்வதில்லை, லாபம் என்போம். லாபம், ரெண்டு, மூணு என்று போகும். அரை மணிக்கு ஒருமுறை பிள்ளைகளையும் அப்படித்தான் எண்ணுவேன். மினியிலிருந்து தொடங்குவேன். லாபம் என்று தலையைத் தொட்டால், இருக்கிற இரண்டு பல்லும் தெரியச் சிரிப்பாள். மேகலா சமைக்கையில் நான் காவல், நான் அயர்கையில் அவள் காவல். ஆக அந்த வீட்டில் பிள்ளைகளுக்கு இரண்டு ஆள் என்பதில் எனக்குச் சந்தேகமே இருந்ததில்லை.

வேறெங்கோ இப்படி ஒரு வீட்டில் குழந்தையின் மேல் வெந்நீர் கொட்டிவிட்டதாம். அதன் பிறகு வீட்டில் பிள்ளை பார்ப்பவர்களையெல்லாம் தேடிச் சோதித்துக்கொண்டிருந்தார்கள். ஜீப்பில் வந்த அதிகாரி கிருஷ்ணகிரிக்காரர், நாற்பது வயதுப் பெண்மணி. செருப்பை வாசலில் விட்டார், கை கழுவத் தண்ணீர் கேட்டார், பிறகு கேட்டார்: "பாத்துக்கறவங்க எத்தினி பேருங்க?"

"ரெண்டு பேர். மருமக, நான்."

என்னை ஒருமுறை மேலும் கீழும் பார்த்தார். கையில் பேனா இருந்தும் ஒன்றும் எழுதவில்லை. அதை நான் கவனித்தேன்.

நின்றபடி பார்த்துவிட்டுப் போவார் என்று நினைத்தேன். அவர் புடவைக் கொசுவத்தைச் செருகிக்கொண்டு தரையில் உட்கார்ந்து, மண்டியிட்டபடியே கூடத்தைச் சுற்றி வந்தார். பதினொரு மாதக் குழந்தையின் கண் எந்த உயரத்தில் இருக்குமோ அந்த உயரத்தில் அவர் முகம் இருந்தது. அந்த உயரத்தில் எங்கள் வீடு வேறு வீடாக இருந்தது. மூடியில்லாத இரண்டு பிளக் பாயிண்ட். கதவில்லாத சமையலறை, அதன் மூலையில் சிலிண்டர். முன்வாசல் தண்ணீர்த் தொட்டிக்கு ஒரு கையால் நகர்த்தக்கூடிய தகர மூடி. ஒவ்வொன்றுக்கும் மேகலா "மாத்திடறோம் மேடம்" என்றாள். கட்டில் ஓரமாக வந்ததும் அதிகாரி நின்றார். கட்டில் சட்டத்தில் என் துணிப்பை தொங்கிக்கொண்டிருந்தது. வீட்டுக்காரர் சூளகிரிப் பக்கம், தெலுங்கர், நல்ல மனிதர்தான். ஆனால் சுவரில் ஆணி அடிக்கக் கூடாது என்பது அவருடைய முதல் நிபந்தனை. அதனால் வாடகை வீட்டில் எங்கள் உடைமைகளெல்லாம் தாழ்வாகவே தொங்குகின்றன. அந்தப் பைக்குள்ளிருந்து அதிகாரி ஒரு மாத்திரை அட்டையை எடுத்தார்.

"இது யாருதுங்க?"

"என்னுதுதான். பிரஷர் மாத்திரை."

"எத்தினி இருக்கணும்?"

உண்மையைச் சொன்னால், அந்தக் கேள்வி எனக்குப் பிடித்திருந்தது. அட்டைக்குப் பதினைந்து, ஐந்தாம் தேதி பிரித்தது, எட்டு நாளில் எட்டு போயிற்று, மீதி ஏழு என்று பாடம் ஒப்பிப்பது போலச் சொன்னேன். அவர் கட்டைவிரலால் ஒவ்வொன்றாகத் தடவி எண்ணினார். மறுபடி எண்ணினார். பிறகு அட்டையை என்னிடம் நீட்டினார். ஆறுதான் இருந்தது.

கிடங்கில் மூட்டை குறைந்த நாட்கள் உண்டு. அடுக்கிய லாரியை மறுபடி இறக்குவோம். சுமைதூக்குகிறவர்கள் என் பிறப்பைப் பற்றிச் சந்தேகம் எழுப்புவார்கள். அப்படியும் குறைந்தால் அந்த மூட்டையின் விலையை எழுத்தரின் சம்பளத்தில் பிடிப்பார்கள், அதோடு தீர்ந்தது. காணாமல் போன மூட்டைக்கு ஒரு விலை உண்டு. காணாமல் போன மாத்திரைக்கு என்ன விலை என்று அன்று அந்தக் கூடத்தில் ஒருவரும் சொல்ல முடியாமல் நின்றோம். கட்டிலைத் தள்ளிப் பார்த்தோம், பாயை உதறினோம், பிள்ளைகளின் வாயைத் திறந்து பார்த்தோம். எட்டுப் பேர் வழக்கம்போல ஓடிக்கொண்டிருந்தார்கள். மினி மட்டும் தூங்கிக்கொண்டிருந்தாள். எழுப்பினால் கண் திறந்து மறுபடி சொக்கினாள்.

மேகலா என் பக்கத்தில் வந்து தாழ்ந்த குரலில் கேட்டாள். "மாமா, காலையில நீங்க ரெண்டு போட்டுக்கிட்டீங்களா? கோவப்படாம சொல்லுங்க."

"என் கணக்குல தப்பு வராதும்மா" என்றேன்.

அந்த ஒரு வாக்கியத்தை நம்பித்தான் மினியை ஜீப்பில் ஏற்றினார்கள். மற்ற எட்டுப் பேருடன் மேகலா வீட்டில் இருந்தாள். அதிகாரியின் மடியில் குழந்தை, பக்கத்தில் நான். ஓசூர் ஆஸ்பத்திரியில் ஊசி குத்தி ரத்தம் எடுத்தார்கள், அழுதாள். அந்த அழுகை எனக்குத் தெம்பாக இருந்தது. சாயங்காலம் வரை வைத்துப் பார்க்க வேண்டும் என்றார் டாக்டர். மமதாவைக் கூப்பிட்டால் மணி அடித்துக்கொண்டே இருந்தது. கம்பெனிக்குள் கைப்பேசியை வாங்கிப் பெட்டியில் பூட்டிவிடுவார்களாம். சூப்பர்வைசர் ஒருவரைப் பிடித்துத் தகவல் சொல்வதற்குள் ஒரு மணியாகிவிட்டது.

இரண்டு மணிக்கு அவள் வந்தாள். நீல மேலங்கியும் தலையில் வலைத்தொப்பியுமாக அப்படியே ஓடி வந்திருந்தாள். நான் வராந்தா பெஞ்சிலிருந்து எழுந்தேன். அவளிடம் பேச எனக்கு ஒரு மொழியும் இல்லை. மன்னிப்புக் கேட்பதாக நினைத்துக் கைகூப்பினேன். கண் கலங்கியிருந்தது போலும். வயதான ஒருவன் ஆஸ்பத்திரி வாசலில் கண்ணீரோடு கைகூப்பினால் ஒரு தாய் என்ன நினைப்பாள்? அவள் சத்தமே போடாமல் சுவரோடு சரிந்து தரையில் உட்கார்ந்துவிட்டாள். அதிகாரிதான் ஓடிவந்து தனக்குத் தெரிந்த இந்தியில் ஏதோ சொல்லி, தோளைப் பிடித்து உள்ளே கூட்டிப்போனார். மினி விழித்து உட்கார்ந்து படுக்கை விரிப்பின் நுனியைக் கடித்துக்கொண்டிருந்தாள்.

அதன்பின் நானும் உள்ளே போக எழுந்தேன். வராந்தா சாய்ந்தது. நர்ஸ் என்னைப் பிடித்து உட்காரவைத்து ரத்த அழுத்தம் பார்த்தாள், டாக்டரைக் கூப்பிட்டாள். மிகவும் இறங்கியிருந்தது.

"காலையில எத்தன போட்டீங்க பெரியவரே?"

"ஒண்ணு."

"யோசிச்சுப் பாருங்க."

யோசித்தேன். ஊரில் இருந்த காலத்திலிருந்தே எட்டு மணிக்கு இட்லி சாப்பிட்டதும் மாத்திரை போடுவேன். அந்த மாதத் தொடக்கத்தில்தான், குளிரில் விடியலில் தலை பாரமாக இருக்கிறது என்றேன் என்று, இங்கே உள்ள டாக்டர் அதை ஐந்தரைக்கு மாற்றியிருந்தார். அன்று ஐந்தரைக்கு, கரண்ட் இல்லாத இருட்டில், பிள்ளைகள் வந்து சேரும் அமளியில் ஒன்று போட்டிருந்தேன். எட்டு மணிக்கு இட்லித் தட்டைக் கழுவி வைத்ததும் கை தானாகப் பைக்குள் போயிருக்கிறது. இந்த ஊர் வழக்கப்படி ஒன்று, அந்த ஊர் வழக்கப்படி ஒன்று. வாய்க்குள் விழுந்த இரண்டையும் ஒன்றாக எண்ணிவிட்டேன்.

அதை டாக்டரிடம் சொன்னேன். டாக்டர் அதிகாரியிடம் சொன்னார். அவர் மமதாவிடம் சொன்னார். அவள் என்னைப் பார்த்த பார்வையில் கோபம் இருந்தால் எனக்கு எளிதாக இருந்திருக்கும். மினியைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு, காலியான கட்டிலைக் கையால் தட்டிக் காட்டி, பிள்ளையை விட வந்தபோது பொறுக்கிய நாலு தமிழ்ச் சொல்லில் சொன்னாள்.

"தாத்தா, பாப்பாக்கு ஒண்ணுமில்ல. நீ படு."

மினி கடித்து ஈரமாக்கிய விரிப்பின் மேல் நாலு மணி வரை படுத்துக் கிடந்தேன்.

அதிகாரி போகும் முன் என் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "ஐயா, தப்பா நெனச்சுக்காதீங்க. வூட்ல மத்ததெல்லாம் சரி பண்ணிக்கலாம். உங்கள நான் ஒரு ஆளா எழுத முடியாதுங்க."

"எனக்கு எண்ணத் தெரியும்மா."

"எண்ணறது வேறங்க ஐயா. ஒரு புள்ள ஓடுனா பின்னாடியே ஓடணுமுங்க."

அவர் சொன்ன கணக்குப்படி, இரண்டு ஆள் இருந்தால் ஒன்பது பேரும் இருக்கலாம். ஒரே ஆள் என்றால் ஐந்து பேர், அதிலும் நடக்காத குழந்தை கூடாது. ஒரு மாதம் அவகாசம். ஆக முதலில் போக வேண்டியவள் மினி. மமதாவிடம் கேட்டபோது, அப்படியானால் குழந்தையை ஒடிசாவில் மாமியாரிடம் விட்டுவிட்டு வருவேன், இரண்டு நாள் ரயில், வருடத்துக்கு ஒருமுறை லீவு என்று மேகலாவிடம் சொல்லியிருக்கிறாள். அழாமல், பேருந்து எத்தனை மணிக்கு என்று சொல்வது போலச் சொன்னாளாம். மேகலா அதை எனக்குச் சொல்லிவிட்டு, அன்று ராத்திரி சாப்பிடவில்லை.

நான் சில நாள் அந்த அதிகாரி சொன்னதில் தவறு இருக்கிறதா என்று தேடிக்கொண்டிருந்தேன். கிடைக்கவில்லை. கடைசியில் ஆள் தேடினோம். ஜவளகிரிக்காரி ரத்னம்மா, நாற்பத்தைந்து வயது, ரோஜாத் தோட்டத்துப் பந்தலில் பார்த்த வேலையை இழந்தவள், சம்பளம் எட்டாயிரத்துக்கு ஒப்புக்கொண்டாள். தெலுங்கு, கன்னடம், தமிழ் மூன்றும் ஒரே வாக்கியத்தில் பேசுவாள். தாய்மார்களிடம் கட்டணத்தை ஏற்றலாம் என்றாள் மேகலா. நான் வேண்டாம் என்றேன். கணக்கில் குறைந்தது என் பக்கத்தில். குறைந்த மூட்டைக்கு எழுத்தரிடம் பிடிப்பதுதான் முறை. பின்கட்டுச் சுவர் இடிந்து கிடக்கும் ஊர் வீட்டுக்கென்று ஓய்வூதியத்தில் சேர்த்து வைத்திருந்த பணத்திலிருந்து எடுத்தேன்.

ரத்னம்மா வந்த முதல் நாள், வழக்கம்போல லாபம், ரெண்டு என்று தொடங்கினேன். அவள் என் கையைப் பிடிக்காத குறையாகத் தடுத்தாள். "புள்ளைங்கள எண்ணாதீங்க சார். கண்ணு படும்." அன்றிலிருந்து மனதுக்குள் எண்ணிக்கொள்கிறேன். உதடு அசைகிறதா என்று அவள் பார்க்கிறாள்.

ஒரு மாதம் கழித்து அதிகாரி மறுபடி வந்தார். மறுபடி மண்டியிட்டுச் சுற்றினார். சமையலறைக்குக் கம்பிக் கதவு, தொட்டிக்குப் பூட்டு, தீயணைக்கும் சிலிண்டர், மருந்துக்குப் பூட்டுப் பெட்டி. வீட்டுக்காரர் நேரில் வந்து பார்த்து, ஆறடி உயரத்தில் ஒரே ஒரு ஆணிக்கு அனுமதி கொடுத்திருந்தார். என் பை இப்போது அதில் தொங்குகிறது. மாத்திரை பூட்டுப் பெட்டிக்குள், சாவிக்கு மேகலாவைத்தான் கூப்பிட வேண்டும், நாளொன்றுக்கு ஒன்று அவள் கையால் தருகிறாள். அதிகாரி குழந்தைகள் ஒன்பது, ஆட்கள் இரண்டு என்று எழுதிக்கொண்டார். "நல்லா இருக்கீங்களா ஐயா?" என்று அன்பாகத்தான் கேட்டார். என்னை எங்கும் எழுதவில்லை. மினி இருக்கிறாள், அது போதும் என்று எண்ணெய் பாட்டிலை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போனேன்.

இந்த மாசியில் ஊரிலிருந்து செல்வராசு கூப்பிட்டான். கோயில் திருவிழாவுக்குத் தலைக்கட்டு வரி வசூலிப்பவன் அவன். ஒரு குடும்பத்துக்கு ஒரு தலைக்கட்டு, அதற்கு இவ்வளவு என்று ஊர் கூடிப் போடுவது. என் வீடு பூட்டி மூன்று வருடம், சுவர் வேறு இல்லை, என்னை விட்டுவிடேன் என்று பாதி விளையாட்டாகச் சொன்னேன்.

"அது எப்படிண்ணே? அம்பத்தேழாவது தலைக்கட்டு நீங்க. அம்பத்தாறுக்கு அப்பறம் அம்பத்தெட்டுன்னு எண்ணச் சொல்றீங்களா?"

வாசல் கம்பிக் கதவுக்கு வெளியே நின்றபடி பேசிக்கொண்டிருந்தேன். கைப்பேசியிலேயே பணத்தை அனுப்பினேன். நான் வசிக்காத ஊரில் நான் ஒரு தலை. வசிக்கிற வீட்டில் ஆள் இல்லை. உள்ளிருந்து மினி தத்தித் தத்தி நடந்து வந்து கம்பியைப் பிடித்துக்கொண்டு தலையைக் குனிந்தாள், நான் தொடுவதற்காக. ரத்னம்மா பார்த்துக்கொண்டிருந்தாள். தொட்டேன். லாபம் என்று மனதுக்குள் சொன்னேன்.

கதவு, பூட்டு, பெட்டி வகையில் ஒன்பதாயிரத்து ஐந்நூறு. ஆஸ்பத்திரிக்கு மூவாயிரத்து இருநூற்று நாற்பது. ரத்னம்மாவுக்கு இதுவரை மூன்று மாதம், இருபத்து நான்காயிரம். தலைக்கட்டு வரி இரண்டாயிரத்து ஐந்நூறு. இரண்டு ஊருக்கும் சேர்த்து முப்பத்தொன்பதாயிரத்து இருநூற்று நாற்பது ரூபாய்.