பதினெட்டில் ஒன்று

பத்தாம் வகுப்பு அறிவியல் பாடத்தில் மெண்டலின் பட்டாணிச் செடிகள் வந்த அதே மாதத்தில்தான் எங்கள் வீட்டில் அக்காவின் கல்யாணப் பேச்சும் வந்தது. இரண்டையும் முடிச்சுப் போட்டவள் நான்.

அதற்கு முன்பே நான் எல்லோரையும் வகை பிரிக்கத் தொடங்கியிருந்தேன். நாக்கைக் குழல்போல் சுருட்ட முடிகிறவர்கள், காது மடல் கன்னத்தோடு ஒட்டியிருப்பவர்கள், கட்டைவிரல் பின்னால் வளைகிறவர்கள். கருவடிக்குப்பத்தில் எங்கள் தெருவில் முக்கால்வாசிப் பேர் அந்த வாரம் எனக்கு நாக்கை நீட்டிக் காட்டினார்கள். இவையெல்லாம் அவ்வளவு நேரான கணக்கில் வருபவை அல்ல என்பதைப் பிற்பாடு கல்லூரியில்தான் படித்தேன். அப்போது, நான்கு கட்டம் போட்டால் உலகத்தில் எதையும் முன்கூட்டியே சொல்லிவிடலாம் என்று தோன்றியது.

பேசப்பட்ட மாப்பிள்ளை எங்கள் மாமா, அம்மாவின் தம்பி. தட்டாஞ்சாவடியில் ஒரு பட்டறையில் மோட்டார் பழுது பார்த்துக்கொண்டிருந்தார். அக்கா வயதுக்கு வந்தபோது அவர் சீர்த்தட்டு கொண்டுவந்து வைத்த நாளிலிருந்தே அவளுக்கு அவர்தான் என்று சொந்தத்தில் பேச்சு. குடி கிடையாது, கோபம் கிடையாது. தை மாதம் முடித்துவிடலாம் என்றாள் அம்மா. அக்காவை யாரும் கேட்கவில்லை. கேட்க வேண்டிய விஷயமாகவே அது யாருக்கும் படவில்லை.

ஒரு மாலை அக்கா என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

“சொந்தத்துல கட்டிக்கிட்டா புள்ளைக்கு ஏதாவது வரும்னு உன் பாடத்துல இருக்காமே. அதுக்குக் கணக்கு இருக்கா?”

வீட்டில் ஒருவர் என்னிடம் அறிவியல் கேட்டது அதுதான் முதல் தடவை. உடனே காகிதத்தை எடுத்தேன்.

எங்கள் குடும்பத்தில் கணக்குப் போடத் தோதாக ஒரு பண்பு இருந்தது. அம்மாவின் அக்கா, என் பெரியம்மா, பிறவியிலேயே காது கேட்காதவள். எங்களோடுதான் இருந்தாள், முன்னறையில் மிஷின் போட்டு ரவிக்கை தைத்தாள். அம்மாவைப் பெற்றவர்களும் சொந்தத்தில் கட்டிக்கொண்டவர்கள், அத்தை மகனும் மாமன் மகளும்.

கேட்கும் தன்மைக்குப் பெரிய வட்டம், கேளாமைக்குச் சின்ன வட்டம் என்று வைத்துக்கொண்டேன். ஒவ்வொருவருக்கும் இரண்டு வட்டம், தாயிடமிருந்து ஒன்று, தகப்பனிடமிருந்து ஒன்று. பெரியது ஒன்று இருந்தாலே காது கேட்கும். இரண்டும் சின்னதாக அமைந்தால் கேட்காது. பெற்றவர்கள் இருவருக்கும் காது கேட்டது. ஆனாலும் பெரியம்மா பிறந்தாள். அப்படியானால் இருவரிடமும் பெரியது ஒன்றும், மறைவாகச் சின்னது ஒன்றும் இருந்திருக்க வேண்டும். நான்கு கட்டம் போட்டேன். கடைசிக் கட்டம் பெரியம்மா. மீதி மூன்றும் கேட்கிறவர்கள்; அதில் இரண்டில் சின்ன வட்டம் ஒளிந்திருக்கிறது. அம்மாவும் மாமாவும் அந்த மூன்றுக்குள் எங்கோ இருந்தார்கள். அம்மாவிடம் சின்னது இருந்தால் அது அக்காவுக்கு வந்திருக்கப் பாதி வாய்ப்பு; அக்கா, மாமா இருவரிடமும் இருந்தால் குழந்தைக்கு நாலில் ஒன்று.

தையலை நிறுத்திவிட்டுப் பெரியம்மா வந்து எட்டிப் பார்த்து, என்ன இது என்று கையால் கேட்டாள். கடைசிக் கட்டத்தைக் காட்டி அவளையும் காட்டினேன். கொஞ்ச நேரம் பார்த்தாள். பென்சிலை வாங்கி, இரண்டு சின்ன வட்டங்களுக்குள்ளும் ஒவ்வொரு புள்ளி வைத்துக் கண்களாக்கி, கீழே ஒரு வாய், பக்கத்தில் பூ வைத்த ஒரு சடை வரைந்துவிட்டுப் போய்விட்டாள்.

எல்லாவற்றையும் பெருக்கியபோது அக்காவுக்கும் மாமாவுக்கும் பிறக்கும் குழந்தைக்குக் காது கேட்காமல் போகும் வாய்ப்பு பதினெட்டில் ஒன்று என்று வந்தது.

“பதினெட்டுல ஒண்ணா? அவ்ளோதானா?” என்றாள் அக்கா.

“அவ்ளோதான்.”

“நாலுல ஒண்ணுன்னு ஏதோ சொன்னியே.”

“ரெண்டு பேர்கிட்டயும் சின்னது இருக்குன்னு உறுதியா தெரிஞ்சாதான் அது.”

“இருக்குன்னே வச்சுக்கோயேன்டி.”

“எப்படிக்கா வச்சுக்கிறது?”

“சரி, அப்பா பக்கத்துல ஒரு சின்னது போடு.”

“அப்பா பக்கம் அப்படி யாரும் இல்லையே.”

“பத்துல ஒண்ணுன்னாவது வருதா பாரு.”

கனகசெட்டிக்குளத்திலிருந்து வரும் மீன்காரம்மாவிடம்கூட அக்கா இவ்வளவு பேரம் பேசி நான் பார்த்ததில்லை. அதுவும் அங்கே குறைக்கச் சொல்வாள், இங்கே ஏற்றச் சொன்னாள். நான் மசியவில்லை. பாவம், பயந்துவிட்டாள் என்று நினைத்து, பதினெட்டில் பதினேழு பங்கு நன்றாகவே இருக்கும் என்று ஆறுதல் சொன்னேன்.

“நீ எனக்குத் தங்கச்சியா, டீச்சரா?” என்று எழுந்து போனாள்.

ஞாயிற்றுக்கிழமை மாமா சாப்பிட வந்தார். அம்மா தை மாதப் பேச்சை எடுத்ததும், அக்கா என்னை முதுகில் கைவைத்து முன்னால் தள்ளினாள். “இவ ஏதோ கணக்கு போட்டிருக்கா. கேளுங்க.”

நான் காகிதத்தை விரித்து முழுவதும் சொன்னேன். முதலில் அம்மாதான் பேசினாள்.

“எங்க அக்காவுக்கு என்னாடி கொறச்சல்? இந்தத் தெருவுல பாதி ரவிக்கை அவ தச்சது. அந்த மாதிரி ஒண்ணு பொறந்தா பொறந்துட்டுப் போவுது. ஊரு பேசுறது காதுல விழாம நிம்மதியா இருக்கும்.”

அக்கா, கழுவி வைத்திருந்த டம்ளர்களைத் துடைக்க ஆரம்பித்தாள்.

மாமா காகிதத்தைப் பார்த்துக்கொண்டே என்னிடம் கேட்டார். “பாப்பா, இந்தக் கணக்குல ஒண்ணுமே வராதுன்னு இருந்தா? பதினெட்டுலயும் இல்ல, ஆயிரத்துலயும் இல்ல. அப்ப சரியா?”

“அப்ப ஒரு பிரச்சினையும் இல்ல மாமா.”

கேள்வி எனக்கு என்றாலும் நிமிர்ந்து அவர் பார்த்தது அக்காவை. அவள் துடைத்த டம்ளரையே திரும்பத் துடைத்தாள். நான் பதில் சொல்லிவிட்டேனே, இன்னும் எதற்குக் காத்திருக்கிறார் என்று எனக்குப் புரியவில்லை.

பிறகு அம்மா பக்கம் திரும்பி, “வேணாங்க்கா. படிக்கிற புள்ள சொல்லுது. கணக்கு சரியாத்தான் இருக்கு” என்றார்.

“பதினெட்டுல ஒண்ணுக்குப் போயா பயப்படுற?”

“ஆமாக்கா. பயமாத்தான் இருக்கு.”

அம்மா அவரைத் திட்டினாள், கோழை என்றாள், என் புத்தகத்தைத் தூக்கி அடுப்பில் போடப் போவதாகச் சொன்னாள். என்ன நடக்கிறது என்று பெரியம்மாவுக்கு யாரும் கையால் சொல்லவில்லை. ஆனாலும் அவள் தன் தம்பியின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் இலையில் இன்னொரு மீன் துண்டை வைத்தாள்.

எனக்கோ தரையில் கால் பாவவில்லை. எங்கோ பட்டாணி விதைத்த ஒரு சாமியார், கருவடிக்குப்பத்தில் ஒரு கல்யாணத்தை நிறுத்திவிட்டார். அக்கா அன்று மாலை எனக்குத் தலை பின்னிவிட்டாள், கேட்காமலே.

அதற்கு முன், மாமா கிளம்பும்போது, ஒரு விஷயத்தைச் சொல்லாமல் விட்டுவிட்டேனே என்று வாசலுக்கு ஓடினேன்.

“மாமா, நீங்க வெளியில பொண்ணு பாருங்க. சொந்தம் இல்லாத பொண்ணா பாத்தா, அனேகமா ஒண்ணுமே வராது.”

அவர் வண்டி மேல் உட்கார்ந்திருந்தார். நான் சொன்னதைக் கவனமாகக் கேட்டுக்கொண்டார். “சரிம்மா, பாக்குறேன்” என்றார்.

வண்டி கிளம்பவில்லை. உதைத்தார், மறுபடி உதைத்தார். பிறகு சும்மா இருந்தார். நான் குனிந்து பார்த்து, “சாவியே திருப்பலையே மாமா” என்றேன்.

நாளெல்லாம் மோட்டாரோடு கிடக்கும் மனிதருக்கு இதுகூட மறந்துவிட்டதே என்று எனக்குச் சிரிப்பு வந்தது.