பெங்களூரிலிருந்து பின்தொடர்ந்த படம்

பெங்களூரில் ஒரு காலையில் சிவப்பு விளக்கைக் கவனிக்காமல் தாண்டிவிட்டேன். நாமக்கல்லுக்குக் குடிவந்ததும் அது அங்கேயே முடிந்துபோனதாக நினைத்திருந்தேன். ஸ்கூட்டருக்குத் தமிழ்நாட்டு எண் வாங்கப் போனபோது, ஆர்.டி.ஓ. ஏஜென்ட் செல்போனில் சிக்னல் கேமரா எடுத்த படத்தைப் பார்த்துச் சிரித்தார்.

“ஏனுங்க, ஓசூர் தாண்டிட்டா குத்தம் பாதியில எறங்கிக்குமுங்களா? அபராதத்தக் கட்டுனாத்தானுங்க நெம்பர் மாத்த முடியும். போட்டோவுல நீங்கதானுங்களே?”

நான்தான். சாலையெங்கும் இளஞ்சிவப்புப் பூக்கள். அவற்றைப் பார்த்துக்கொண்டே கனவில் மிதப்பதுபோல் போயிருக்கிறேன். பின்னால் உட்கார்ந்திருந்த நான்கு வயது மகளும் பூக்களைத்தான் பார்த்துக்கொண்டு வருகிறாள் என்று அன்று நினைத்தேன். படத்தில் அவள் தூங்குகிறாள். கைகள் என்னைப் பிடித்திருக்கவில்லை. பாதி உடம்பு இருக்கைக்கு வெளியே சரிந்திருக்கிறது.

அபராதத்தை அன்றே கட்டினேன்.

இப்போது பெல்ட்டால் அவளை என்னோடு சேர்த்துக் கட்டிய பிறகே வண்டியை எடுக்கிறேன். அப்படியும் மனம் கேட்பதில்லை. ஒவ்வொரு சிக்னலிலும், “சாமி, முழிச்சிருக்கியா?” என்கிறேன்.

“எத்தன தடவம்மா கேப்ப!” என்று சலித்துக்கொள்கிறாள். அந்தச் சலிப்பு காதில் விழுந்தால்தான் அடுத்த சிக்னல்வரை எனக்கு நிம்மதி.