சிமென்ட் வைத்து அடைத்த ஓட்டை

"மண்ணு வெச்சுக் கட்டுன செங்கச் செவுத்துல இங்க மட்டும் சிமென்ட்டுங்க," என்றார் கொத்தனார். எங்கள் பழைய மில் லைன் வீட்டையும் பக்கத்து வீட்டையும் சேர்த்து, மழைநீர்த் தொட்டியோடு மூன்று குடித்தனமாக மாற்றிக்கொண்டிருக்கிறேன். பழைய செங்கல் ஒன்றும் வீணாகக் கூடாதென்று பார்த்துப் பார்த்து உடைத்தார்.

அந்த சிமென்ட் அப்பா பூசியது.

இரண்டு வீட்டுக்கும் பொதுவான அந்தச் சுவரில் முன்பு ஒரு செங்கல் அளவு ஓட்டை இருந்தது. அம்மாவும் பக்கத்து வீட்டு சரசக்காவும் அதன் வழியே குழம்பு மாற்றிக்கொள்வார்கள். கிண்ணத்தை வெறுமனே திருப்பித் தரும் வழக்கமே கிடையாது. ஸ்ட்ரைக் சமயத்தில் சரசக்காவின் புருஷன் மட்டும் வேலைக்குப் போய்விட்டார். அன்றைக்கே அப்பா ஓட்டையை அடைத்தார்.

"என்ற கிண்ணம் சரசுகிட்ட இருக்குதுங்க," என்றாள் அம்மா.

"இனி அந்த ஊட்டுப் பேச்சே எடுக்காதே."

மறுநாள் காலை அந்தப் பக்கமிருந்து மூன்று முறை தட்டும் சத்தம். அப்பா சுவரோரமாகவே உட்கார்ந்திருந்தார். பதிலுக்குத் தட்டப் போன என் கையை அம்மா இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். சற்று நேரத்தில் அங்கேயும் கொத்துக்கரண்டி உரசும் சத்தம் கேட்டது.

"என்ற கிண்ணத்த அமுக்கிப்போட்டா," என்று சாகிறவரை சொன்னாள் அம்மா.

அப்பாவின் சிமென்ட்டுக்குப் பின்னால் கொத்தனாரின் உளி ணங்கென்று எதிலோ பட்டது. அம்மா பெயர் வெட்டிய எவர்சில்வர் கிண்ணம். உள்ளே, உருட்டி வைத்த புளி கல்லாகிக் கிடந்தது.