உயிர் எடுத்த நம்பர்

என் அண்ணனின் இடது காதுக்குக் கீழே ஒரு தழும்பு இருக்கிறது. போட்டது நான். இடியப்ப உரலால் அடித்தேன். பதிலுக்கு அவன் என் தலைமயிரைப் பிடித்துக் கதவு நிலையில் மோதினான். முன்பல் பாதி உடைந்து போனது. அப்போது எனக்கு முப்பத்தி நாலு வயது, அவனுக்கு முப்பத்தி ஒன்பது. சின்னப்பிள்ளைச் சண்டை என்று யாரும் நினைத்துவிடக் கூடாது என்றுதான் வயதைச் சொல்கிறேன்.

கொழும்பில், கொட்டாஞ்சேனையில் ஓர் ஒழுங்கைக்குள் எங்கள் இரண்டறை வீடு. அப்பாவும் அம்மாவும் போய்ச் சேர்ந்த பிறகு அண்ணனும் தங்கச்சியுமாக நாங்கள் இருவர்தான். அவன் ஓட்டோ ஓட்டினான். நான் நீதிமன்றங்கள் இருக்கிற புதுக்கடையில் ஒரு சட்டத்தரணியிடம் தட்டச்சு வேலை பார்த்தேன். இருவருக்கும் கல்யாணம் ஆகவில்லை. எங்களோடு வாழ யாருக்கும் துணிவு வரவில்லை என்பதுதான் உண்மை.

அவனுக்கு லொத்தர்ச் சீட்டுப் பைத்தியம். எங்கள் பக்கத்தில் சீட்டு வாங்குகிறவர்களிடம் ஒரு பழக்கம் உண்டு. எங்காவது வாகனம் ஒன்று ஆளை அடித்துப் போட்டால், ஓடிப் போய் முதலில் வாகனத்தின் நம்பரைப் பார்ப்பார்கள். அடிபட்டவனைப் பிறகுதான் பார்ப்பார்கள். அந்த இலக்கங்கள் வருகிற சீட்டை ஊரெல்லாம் தேடி வாங்குவார்கள். "உயிர் எடுத்த நம்பர் சும்மா இருக்காது. யாருக்காவது குடுத்துத்தான் தீரும்" என்பான் அண்ணன். ஒரு கிழவரை அடித்த பஸ்ஸின் நம்பரில் அவனுக்கு ஒருமுறை சின்னப் பரிசு விழுந்து தொலைத்தது. அதற்குப் பிறகு அவன் யார் சொல்லையும் கேட்கவில்லை.

எனக்கு அதிர்ஷ்டம் என்றாலே எரிச்சல். கடவுள் தந்த மூளையை வைத்துக்கொண்டு சீட்டுச் சுரண்டுகிறவர்களைக் கண்டால் கை துருதுருக்கும். நான் நீதிமன்ற உரைபெயர்ப்பாளர் பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்தேன். சாட்சி தமிழில் சொல்வதை நீதவானுக்குச் சிங்களத்தில் சொல்ல வேண்டும், நீதவான் கேட்பதைச் சாட்சிக்குத் தமிழில் சொல்ல வேண்டும். வேலை கிடைத்தால் அரசாங்க உத்தியோகம், பென்சன், யார் காலிலும் விழாத வாழ்க்கை. இரண்டு வருடம் சனிக்கிழமை தவறாமல் வெள்ளவத்தைக்கு வகுப்புக்குப் போனேன். வேலை பார்க்கிற கந்தோரிலும் கடையிலும் சிங்களமே கதைத்தேன். என் சிங்களத்தில் தமிழ் வாடை துளியும் இருக்கக் கூடாது என்று ஒரு வெறி.

உரலால் அடித்தது பரீட்சைக்கு ஒரு மாதம் இருக்கும்போது. எங்கள் ஒழுங்கை வாசலில் ஒருவனைப் பட்டப்பகலில் சுட்டுவிட்டுப் பைக்கில் ஓடிவிட்டார்கள். சத்தம் கேட்டு எல்லோரும் கதவைச் சாத்தினோம். அண்ணன் மட்டும் கதவைத் திறந்துகொண்டு ஓடினான். பத்து நிமிடத்தில் திரும்பி வந்தான், ரோட்டில் கண்டவர்களிடம் கேட்டு உள்ளங்கையில் பேனாவால் எழுதிய பைக் நம்பரோடு. நான் தரையில் குறிப்புகளைப் பரப்பி வைத்துக் காயங்களுக்கான சிங்களச் சொற்களைப் பாடமாக்கிக்கொண்டிருந்தேன். செருப்பில் செத்தவனின் ரத்தத்தோடு அவன் அதன்மேல் நடந்து போனான். "கடுங்காயம்" என்று நான் எழுதியிருந்த தாளில் ஒரு முழு அடித்தடம் பதிந்தது.

"மனுசனாடா நீ?" என்று கேட்டேன்.

"படிச்சுக் கிழிச்சது போதும், தள்ளு" என்றான்.

அதற்குப் பிறகு நடந்ததைத்தான் முதலில் சொன்னேன். வாயில் ரத்தத்தைத் துப்பிவிட்டு அதே இடத்தில் உட்கார்ந்து மிச்சச் சொற்களைப் படித்தேன். அவன் காதைத் துணியால் பொத்திக்கொண்டு சீட்டு வாங்கப் போனான். அவன் போகிற வழியும் என் வழியும் வேறு என்று அன்று எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது.

பரீட்சை நாள் வந்தது. மண்டபம் தெமட்டகொடைப் பக்கம். ஒன்பது மணிக்குக் கேற்றைப் பூட்டிவிடுவார்கள். முதல் நாள் அண்ணன் தானாகவே, "நான் கொண்டுபோய் விடுறன்" என்றான். உடைந்த பல்லைப் பார்த்து மனம் இளகியிருக்கும். நானும் சரி என்றேன். அதுதான் நான் விட்ட பிழை.

ஆமர் வீதிச் சந்தியில் ஒரு கொண்டெய்னர் லொறி, பைக்கில் வந்த ஒருவனை இழுத்துப் போட்டிருந்தது. சனம் கூடிவிட்டது. அண்ணன் ஓட்டோவை ஓரங்கட்டினான்.

"அண்ணா, எட்டு இருபது!"

"ஒரு நிமிசம். பின்பக்க நம்பரை மட்டும் பாத்திட்டு வாறன்."

இறங்கி ஓடினான். நானும் இறங்கி, அவன் சட்டையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வரலாம் என்று சனத்துக்குள் புகுந்தேன். அவன் லொறிக்குப் பின்னால் போய்விட்டான். என் காலடியில் அந்தப் பையன் கிடந்தான். இருபது இருபத்திரண்டு வயதிருக்கும். முழங்காலுக்குக் கீழே சதை கூழாகி எலும்பு வெளியே வந்திருந்தது. கண் திறந்திருந்தது. மலைநாட்டுத் தமிழில் முனகினான். நான் குனிந்தேன்.

"அக்கா, பென்சிலின் ஊசி போட்டுற வேணாம்னு சொல்லுங்க. எனக்கு ஒத்துக்காதுங்க. போன தடவை சாகப் பாத்தேன்."

அந்த நேரம் போக்குவரத்துப் பொலிஸ்காரர் வந்தார். நாங்கள் வேதக்காரர், மாதா கோயிலுக்குப் போகிறவர்கள்; என் நெற்றியில் பொட்டு இல்லை. என்னைச் சிங்களத்தில் நங்கி, தங்கச்சி, என்று கூப்பிட்டு, "இவன் என்ன சொல்கிறான்?" என்று கேட்டார்.

இங்கே என்னைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். புதுக்கடையில் ஆறு வருடம் இருந்தவளுக்கு வாயைத் திறந்தால் என்ன நடக்கும் என்று தெரியும். பெயர் என்ன, விலாசம் என்ன, அம்புலன்ஸில் கூட ஏறு, பொலிஸுக்கு வந்து வாக்குமூலம் கொடு. அன்றைய நாள் போய்விடும். இரண்டு வருடமும் போய்விடும்.

"எனக்குத் தமிழ் தெரியாது" என்று சிங்களத்தில் சொன்னேன்.

சுத்தமான சிங்களம். பொலிஸ்காரர் ஒரு கணம்கூடச் சந்தேகப்படவில்லை. பையன் என்னையே பார்த்தான். நான் சொன்னது அவனுக்கு விளங்கியிருக்கும். அந்த அளவு சிங்களம் யாருக்குத் தெரியாது?

லொறிக்குப் பின்னால் அண்ணன் உள்ளங்கையில் எழுதிக்கொண்டிருந்தான். போன வேகத்தில் அவன் கன்னத்தில் ஓங்கி ஓர் அறை விட்டேன். பேனா தெறித்தது. "நாய்ப் பிழைப்பு!" என்று கத்தினேன். இன்னொரு ஓட்டோவை மறித்து ஏறினேன். எட்டு ஐம்பதுக்குக் கேற்றுக்குள் நுழைந்தேன்.

நன்றாக எழுதினேன். இதைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது, ஆனால் ஒரு கேள்வியையும் விடவில்லை.

பின்னேரம் வீட்டுக்கு வந்தபோது அண்ணன் வாசலில் ஓட்டோவைக் கழுவிக்கொண்டிருந்தான். பின் சீட்டிலிருந்து சிவப்பாகத் தண்ணீர் வடிந்து கழிவுநீர்க் கானுக்குள் போனது. அவன் சட்டை முழுக்க ரத்தம் காய்ந்து கிடந்தது.

"அம்புலன்ஸ் வரச் சுணங்கிட்டுது" என்றான். "நான்தான் ஏத்திக்கொண்டு போனன். என்ர கையைப் பிடிச்சவன், விடவேயில்லை, ஆனால் வாயில பேச்சு வரேல்ல. பாதி வழியில மயங்கிட்டான். கையில எழுதின நம்பரும் அழிஞ்சு போச்சு."

"பிறகு?"

"டாக்குத்தர் கேட்டார், ஏதாவது மருந்து ஒத்துக்கொள்ளாதா எண்டு. எனக்கென்ன தெரியும்? தெரியாது எண்டன். ஊசி போட்டாங்கள். போட்டுக் கொஞ்ச நேரத்தில முகமெல்லாம் வீங்கி, மூச்சு எடுக்க ஏலாமல்..." அவன் வாளியைக் கீழே வைத்தான். "காலில அடிபட்டவன் மூச்சு முட்டிச் செத்தவன், தங்கச்சி. எனக்கு விளங்கேல்ல."

எனக்கு விளங்கியது. மறைத்திருக்கலாம். மறைக்க என்னால் முடியவில்லை. பையன் சொன்னதையும், பொலிஸ்காரர் கேட்டதையும், நான் சொன்ன பதிலையும் ஒன்று விடாமல் சொன்னேன். சொல்லிவிட்டு அடிக்காகக் காத்துக்கொண்டு நின்றேன். எங்கள் வீட்டில் எதற்கும் முடிவு அடிதான். மறுபல்லும் போகட்டும் என்றுதான் நின்றேன்.

அவன் கை எழும்பவில்லை. ஈரத்துணியைப் பிழிந்தபடி என்னை மேலும் கீழும் பார்த்தான்.

"நான் நம்பரைப் பாக்கப் போனதால அவன் சொன்னதைக் கேக்கேல்ல" என்றான். "நீ கேட்டிட்டுப் போனனீ."

பரீட்சையில் பாஸ் பண்ணினேன். இன்று நீதிமன்றத்தில் தமிழ்ச் சாட்சிகளுக்குப் பக்கத்தில் நிற்கிறேன். அவர்கள் சொல்வதில் ஒரு சொல்லும் விடாமல் சிங்களத்தில் சொல்கிறேன், நல்ல பெயரும் இருக்கிறது. அண்ணன் இன்னமும் சீட்டு வாங்குகிறான். நாங்கள் இன்னமும் அதே வீட்டில்தான் இருக்கிறோம். நான் வேண்டுமென்றே வம்புக்கு இழுக்கிறேன், பீங்கானை எறிகிறேன், ஒருநாள் அவன் நெஞ்சில் குத்தியும் பார்த்தேன். அவன் என்னைத் திருப்பி அடிப்பதே இல்லை.