கடைசிச் சுற்று

பள்ளிச் சுற்றுலாவாக ஜப்பான் போய் வந்த மகள், புலம்பெயர்ந்து வந்த எங்கள் மல்கிரேவ் வீட்டுக் குசினியில் எனக்கு ஒரு பழைய ஷின்டோ கோயிலின் படத்தைக் காட்டினாள். திரைக்குப் பின்னால் ஒரு புனிதக் கண்ணாடி இருக்கிறதாம். ஒருவரும் பார்த்ததில்லையாம்.

"சுத்தின துணி பழசானாலும் அவிழ்க்க மாட்டினமாம் அம்மா. மேலால புதுசு சுத்துவினமாம். சோ பியூட்டிஃபுல்!"

கற்பூரப் புகை ஏறிய பட்டின் மணம் என் மூக்கில் வந்து நின்றது. ஊரில் எங்கள் முருகன் கோயிலிலும் சிலை இல்லை, ஒரு பொட்டலம்தான். பூசாரியான அப்பா, திருவிழா தோறும் வாயை வெள்ளைத் துணியால் கட்டிக்கொண்டு, பழைய பட்டின் மேல் புதுப் பட்டைச் சுற்றுவார். உள்ளே இருப்பது என்னவென்று அவருக்கும் தெரியாது.

எனக்குப் பத்து வயதில் சண்டையால் இடம்பெயர்ந்தோம். பொட்டலத்தை அப்பா நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நடந்தார். வழியில் செல் குண்டு விழுந்து அம்மாவின் தொடை கிழிந்தது. அப்பா அப்போதும் வாயைக் கட்டிக்கொண்டுதான் பொட்டலத்தில் கை வைத்தார். கண்ணை மூடியபடி ஒவ்வொரு பட்டாக உருவித் தந்தார். நான் காயத்தைச் சுற்றிக் கட்டினேன். மஞ்சளும் பச்சையும் ஒரே சிவப்பாகின.

"இன்னும் தாங்கோ அப்பா!"

கடைசிச் சுற்றில் அவர் கை நின்றது. வாய் கட்டியிருந்ததால், மாட்டேன் என்று தலையை மட்டும் ஆட்டினார். அம்மா அந்த வீதியோரத்திலேயே இறந்தா.

அப்பா இப்போது எங்களோடுதான் இருக்கிறார். பொட்டலம் அவருடைய அலுமாரியில் இருக்கிறது. அடுத்த மாதம் திருவிழா. புதுப் பட்டு கேட்டிருக்கிறார். வருடா வருடம் நான்தான் வாங்கிக் கொடுக்கிறேன்.