ஹாஜியாருக்கு ஒரு கண்ணாடித் தொங்கல்

“சோதனை பாஸ் பண்ணின புள்ள போத்தல் ஓடு பொறுக்கிற எண்டா, படிச்சி என்ன பிரயோசனம்?” என்று கேட்டார் எங்கள் கல்முனைத் தையல் வகுப்பின் தலைவர் ஹாஜியார். அவர் ஊசியில் நூல் கோத்ததை எவரும் கண்டதில்லை.

வெள்ளைத் தொப்பி, அத்தர் வாசம், தடித்த மூக்குக்கண்ணாடி. எதையும் பார்க்கும் முன் கண்ணாடியைக் கழற்றித் துடைப்பார். துடைத்துக்கொண்டே தீர்ப்பும் சொல்லிவிடுவார்.

மறுநாள் வகுப்பு மண்டபத்தில் எங்கள் கைவேலைக் கண்காட்சி. நீல மருந்துப் போத்தல் துண்டுகளின் கூர் போகத் தேய்த்து, அறுந்த மாலை மணிகளோடு செப்புக்கம்பியில் கோத்துத் தோட்டத் தொங்கல் ஒன்று செய்திருந்தேன்.

“இது கண்ணூறு படாமக் கட்டுற சாமான். ஷிர்க், மகள், அல்லாஹ்வுக்கு இணை வெக்கிற பாவம். இங்க வெக்கேலா.”

“மரத்துல அழகுக்குத் தொங்கவிடுறது, ஹாஜியார்.”

“அழகுக்கெண்டா வீட்டுக்குள்ள வெக்கணும். வெளிய கட்டினா கண்ணூறுதான்.”

மற்றப் பெண்கள் போனதும் திரும்பி வந்தார். குரல் இறங்கியிருந்தது.

“மகள், புது வீடு கட்டுறன். போறவாற ஆக்களெல்லாம் நிண்டு நிண்டு பாக்காங்க. இதுல பெருசா ஒண்டு செஞ்சி தரேலுமா?”

“ஷிர்க் எண்டீங்களே?”

“எனக்கு... அழகுக்குத்தான்.”

எங்கள் குடும்பத்தில் முதலில் பள்ளிக்கூடம் போனவள் நான். எதிர்த்துக் கதைக்கவும் அங்கேதான் படித்தேன்.

“அப்ப இங்கயும் அழகுதானே, ஹாஜியார்?”

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைக்கத் தொடங்கினார். அவர் இறைவனுக்கு அஞ்சினாரா, தெருவில் போகிறவர்களுக்கா என்பது எனக்கு இன்றும் விளங்கவில்லை. விளங்கும்வரை நான் காத்திருக்கவுமில்லை. அவர் பார்த்துக்கொண்டு நிற்கவே கதிரையில் ஏறி, மண்டப வாசலில் தொங்கலைக் கட்டி, என் பெயரெழுதிய அட்டையையும் அதில் கோத்துவிட்டேன்.